மஹேபூரில் தங்கிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

தமிழாசிரியை, ரோஸ் ஹில்:

மொரீசியசின் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள மஹேபூர் பல ஆண்டுகளாக எனக்கு விமான நிலையத்தின் பக்கத்து ஊராக மட்டுமே இருந்து வந்தது. இந்தியாவிலிருந்து வரும் உறவினரை அழைத்துவர பிளேசான்ஸ் விமான நிலையம் செல்லும்போது விமானம் தாமதமானால், கடற்கரை வரை போய் மிளகாய் வடை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவோம். நம் தீவில் பெரும்பாலோர் இந்த ஊருக்குக் கொடுப்பது மீந்துபோன நேரத்தைத்தான். சென்ற தைப்பூசத்தின்போது என் மாணவி ஒருத்தியின் வீட்டார் வற்புறுத்தி அழைத்ததால் இரண்டு இரவுகள் அங்கே தங்கினேன். அதன் பிறகு, இந்த ஊரைப் போகிற போக்கில் பார்ப்பது முறையன்று என்ற எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதத் தொடங்குகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மொரீசியசில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள் என்பதை அனைவரும் அறிவோம். ஆனால் கொடியேற்றத்திலிருந்து பத்து நாட்கள் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் அந்த ஒரு நாளின் கனம் புரிகிறது. என் மாணவியின் தந்தை கடலோரத்தில் படகு ஓட்டுபவர். அவர் அந்தப் பத்து நாளும் மீனும் மதுவும் தொடாமல், தரையில் பாய் விரித்துப் படுத்து, மாலைதோறும் கோயிலுக்குச் சென்று வந்தார். காவடிக்கான மரச்சட்டத்தை அவரே அறுத்து வளைத்தார். பூக்களையும் தென்னங்குருத்தையும் மயிற்பீலியையும் முந்தைய இரவு வீட்டுப் பெண்கள் அனைவரும் சேர்ந்து கட்டினர். பேச்சு முழுவதும் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் நடந்தது. ஆனால் பூவை எண்ணும்போது மட்டும் அந்த வீட்டுப் பாட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணினார்.

காலையில் ஆற்றங்கரையில் கூடினோம். வேல் தரிக்கும் நேரத்தில் அங்கே இருந்த அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் நாவில் சிறு வேல் தரித்து, அதன் பின் பேச முடியாமல், தன் தாயின் கையைப் பற்றிக்கொண்டு நின்றான். சிலர் ஆணிச் செருப்பு அணிந்து நடந்தனர். பெண்கள் பலர் பால்செம்பைத் தலையில் ஏந்தி வந்தனர். கோயில் சேரும் வரை அந்தப் பால் திரியாமல் இருக்கும் என்பது இங்குள்ளவர்களின் உறுதியான நம்பிக்கை. வழியெங்கும் ஒவ்வொரு வீட்டின் முன்பும் யாரேனும் ஒருவர் குடத்துடன் நின்று, காவடி எடுத்து வருபவரின் பாதத்திலும் கொதிக்கும் தார்ச்சாலையிலும் மஞ்சள் நீர் ஊற்றினர். அவர்களில் சீன வம்சாவளியைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவரும், கழுத்தில் சிலுவை அணிந்த முதிய பெண்மணி ஒருவரும் இருந்தனர்.

என்னை மிகவும் கலங்கச் செய்தது வேறொன்று. காவடிச் சிந்து பாடிய குழுவிலிருந்த இளைஞர் ஒருவரின் கையில் ஒரு தாள் இருந்தது. பாட்டுத் தமிழ், எழுத்து பிரெஞ்சுக்குரியது. தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாத நிலையிலும், ஒரு சொல்லையும் விடாமல், சந்தம் பிசகாமல் அவர் பாடினார். வகுப்பறையில் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையால் கோடிடும் எனக்கு, அந்தத் தாளைக் கண்டபின் என் பணியைப் பற்றிய எண்ணமே சற்று மாறியது. மொழி எழுத்தை இழந்த பின்னும் நாவில் தங்கியிருக்கிறது என்றால், எழுத்தைத் திரும்பக் கொடுப்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கடமை. அந்த இளைஞர் இப்போது சனிக்கிழமைகளில் என்னிடம் தொலைபேசி வழியாக எழுதப் பழகுகிறார்.

மதுரைக்காரர், எபேனில் பணி:

அம்மா, தாங்கள் எழுதியதைப் படித்தபோது நான் முதன்முதலில் மஹேபூர் சென்ற நாள் நினைவுக்கு வந்தது. கடலோரம் நடந்து செல்கையில் வண்ணம் தீட்டிய சிறு கோபுரம் ஒன்று தெரிந்தது. பெயர்ப்பலகையில் பிரெஞ்சு எழுத்தில் இருந்ததைக் கூட்டிப் படித்தால் ‘வினாயூர் சீதலாமென் கோவில்’ என்று வந்தது. எந்தத் தெய்வத்தின் பெயர் இது என்று விளங்காமல் சிறிது நேரம் நின்றேன். பிறகுதான் அது விநாயகர் சீதளாம்மன் என்று பிடிபட்டது. ‘அன்’ என்பது ‘என்’ ஆவதுதான் இங்கே வழக்கம். ரெங்கநாதன் ரெங்கநாதென் ஆனதும் இப்படித்தான். எங்கள் ஊரில் அம்மை கண்டவர்கள் வீட்டில் வேப்பிலை கட்டி வேண்டிக்கொள்ளும் தாய், இந்துமாக்கடலின் இந்தக் கரையில் வேறோர் உச்சரிப்புடன் அமர்ந்திருப்பதைக் கண்டு, அன்று வெகுநேரம் கோயில் வாசலிலேயே இருந்துவிட்டேன்.

ஊருக்குள் நுழையும் சாலையில் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் உள்ளது. மரங்கள் சூழ்ந்த 18-ஆம் நூற்றாண்டு மாளிகை அது. 1810 ஆகஸ்டில் இவ்வூருக்கு எதிரேயுள்ள கிராண்ட் போர்ட் விரிகுடாவில் நடந்த கடற்போரின்போது அது ரொபியார் குடும்பத்தின் வீடு. அப்போரில் நான்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஈடுபட்டன. அவற்றுள் இரண்டு பவளப்பாறையில் தட்டி நின்றதால் அவற்றின் மாலுமிகளே அவற்றை எரிக்க நேர்ந்தது. மற்ற இரண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. பாரிசின் வெற்றி வளைவில் ‘கிராண்ட் போர்ட்’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருப்பது இந்த வெற்றிக்காகவே. இருந்தும் அடுத்த மூன்று மாதங்களில் பிரிட்டிஷார் வடக்கே கரையிறங்கி, டிசம்பர் தொடக்கத்தில் தீவையே கைப்பற்றிவிட்டனர். அந்தப் படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது நம்மவர் நினைவில் வைக்கத்தக்கது.

எனக்கு அருங்காட்சியகத்தில் மறக்க இயலாதது, காயமுற்ற பிரெஞ்சுத் தளபதி துப்பெரேயும் ஒரு கண்ணை இழந்த பிரிட்டிஷ் தளபதி வில்லோபியும் அதே வீட்டில் ஒரே காலத்தில் சிகிச்சை பெற்றனர் என்ற செய்திதான். என்னுடன் வந்த எட்டு வயது மகள், “அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்களா, அப்பா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியுடனேயே நாங்கள் 1744-இல் மூழ்கிய ‘சேன் ஜெரான்’ கப்பலின் மணி இருந்த இடத்திற்குச் சென்றோம். அவள் கண் மணியில் பதியவே இல்லை.

ஊரின் பெயர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மஹே தெ லா பூர்தொனே என்ற ஆளுநரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் இது. புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை இத்தீவுக்கு வரவழைத்தவரும், 1746-இல் சென்னையைப் பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றியவரும் அவரே. பள்ளியில் சென்னையின் வரலாற்றில் ஒரு வரியாகப் படித்த மனிதரை இங்கே ஓர் ஊராகவே சந்திக்கிறோம்.

கடைக்காரர் மகன், கியூர்பிப்:

திங்கட்கிழமைச் சந்தையை யாரும் குறிப்பிடவில்லையே. மற்ற நாட்களிலும் கடைகள் உண்டு. ஆயினும் திங்களன்றுதான் ஊர் நிறைகிறது. காலை பத்து மணிக்கு முன்பே செல்லுங்கள். நான் ஒருமுறை பிற்பகலில் சென்று, கூடாரங்களைச் சுருட்டுவதை மட்டும் பார்த்துத் திரும்பினேன். முருங்கைக்கீரை விற்ற பாட்டியிடம் நூறு ரூபாய்த் தாளை நீட்டியபோது, அதிலுள்ள படத்தைத் தொட்டுக்காட்டி, “இவர் நம் ஆள்” என்றார். தமிழ் வம்சாவளி அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசனின் படம் அது. தாளின் மதிப்பு தமிழிலும் எழுதப்பட்டிருப்பதை அவர் எனக்குப் படித்தும் காட்டினார்.

வீல் நுவார்வாசி:

நான் லா ஷோ ஆற்றின் மறுகரையில் பிறந்தவள். கேவண்டிஷ் பாலத்தைக் கடந்தால் மஹேபூர். கடக்காவிட்டால் வீல் நுவார். இங்கு வருபவர்கள் பெரும்பாலும் பாலத்திலிருந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். எங்கள் பக்கத்தில் 1870 முதல் ரோல்ட் குடும்பத்தார் நடத்தும் மரவள்ளி பிஸ்கட் கூடம் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கைத் துருவி, பிழிந்து, உலர்த்தி, சலித்து, சூடான தகட்டின் மேல் சதுரமான அச்சில் பரப்பிச் சுடுகின்றனர். அடுப்பில் எரிவது காய்ந்த கரும்புத் தோகை. தேங்காய், சோம்பு, இலவங்கப்பட்டை எனச் சுவைகள் உண்டு. சுட்ட கையோடு தரும் பிஸ்கட்டைத் தேநீருடன் உண்ணும்போது கிடைக்கும் மணம், பொட்டலத்தில் வாங்கிச் சென்று உண்ணும்போது பாதிதான் இருக்கும். ஒரு சுற்றுலா வண்டிக்காரர் தம் பயணிகளுக்கு இருபது நிமிடம் மட்டும் கொடுத்து, சுடுவதைக் காணவிடாமல் விற்பனை மேசைக்கே அழைத்துச் சென்றதை நான் நேரில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

ஆனால் நான் இங்கே பதிவு செய்ய விரும்புவது திருவிழாவைப் பற்றி அன்று. 2020 ஜூலை 25 அன்று அருகிலுள்ள போய்ந்த் தேஸ்னி கடற்கரைக்கு எதிரே ஒரு பெரிய சரக்குக் கப்பல் பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று அதிலிருந்து எண்ணெய் கசியத் தொடங்கி, சுமார் ஆயிரம் டன் கடலில் கலந்தது. பயணிகள் உலாவும் மஹேபூர்க் கடற்கரை மறுநாளே ஒரு பட்டறையானது. தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் அடைத்து, மிதப்பதற்காக வெற்றுப் புட்டிகளைச் சேர்த்து, நீண்ட தடுப்புகளாகத் தைத்துக் கடலில் இறக்கினோம். தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. என் மாமியார், காவடி நாளில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் பெரிய தேக்சாவை வெளியே எடுத்து, உழைப்பவர்களுக்குப் பருப்புச் சாதம் வடித்தார். “இதுவும் அன்னதானம்தான்” என்று சொல்லி, முதல் கரண்டிச் சோற்றை வாழையிலையில் வைத்துச் சூடம் காட்டிய பிறகே பரிமாறினார். இரவில் வீடு திரும்பும்போது கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கு சோப்பால் போகவில்லை. நாற்றம் ஒரு வாரம் இருந்தது.

எதிரே தெரியும் இல் ஒ ஸேக்ரெத் என்ற 26 ஹெக்டேர் பவளத் தீவிலிருந்து சில அரிய பறவைகளையும் ஆயிரக்கணக்கான நாற்றுகளையும் அப்போது பெருந்தீவுக்குக் கொண்டுவந்து காத்தனர். இளஞ்சிவப்புப் புறா வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. 1990 வாக்கில் இயற்கைச் சூழலில் பத்துக்கு அருகிலான எண்ணிக்கைக்குக் குறைந்திருந்த பறவை இந்தப் புறா. போய்ந்த் ஜெரோமிலிருந்து படகில், வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும். சென்ற ஆண்டு என் மகனுடன் சென்றபோது, கருங்காலி மரக் கிளையில் ஒரு புறா எங்கள் தலைக்கு மேல் வெகு அருகில் அமர்ந்திருந்தது. தோகை அடைத்த அந்த நாட்களில் என் முதுகில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அவன். படகில் செல்பவர்கள் மஹேபூர்க் கரையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பெரிய விடுதியும் உயர்ந்த கட்டடமும் இல்லாத அந்தக் கரையில் அத்தனை கைகள் வேலை செய்தன.

சேன் தாந்த்ரே, ரெயூனியன்:

அனைவருக்கும் வணக்கம். பக்கத்துத் தீவிலுள்ள எங்கள் ஊரிலும் காவடியும் தீமிதியும் உண்டு. எனினும் தங்கள் பதிவுகளைப் படித்த என் அம்மா, அடுத்த தைப்பூசத்திற்கு மஹேபூர் போக வேண்டும் என்கிறார். அவருக்கு எழுபத்து மூன்று வயது. முழங்கால் வலியும் இருக்கிறது. எத்தனை நாள் தேவைப்படும் என்றும், அவரால் சமாளிக்க இயலுமா என்றும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

தமிழாசிரியை, ரோஸ் ஹில்:

தம்பி, தாராளமாக அழைத்து வாருங்கள். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருவதால் வெயிலும் புழுக்கமும் மிகுதி. சூறாவளிக் காலமும் அதுவே. ஆகையால் திரும்பும் பயணச்சீட்டில் ஓரிரு நாள் நெகிழ்வு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவுகளேனும் தங்குங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் நேர்கோட்டில் வகுத்த தெருக்கள் அகலமாகவும் சமதளமாகவும் இருப்பதால் அம்மாவுக்கு நடப்பது எளிது. டச்சுக்காரர் தெரு, பிளெமிஷ்காரர் தெரு என்று பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம். ஒரு காலையில் வாடகை வண்டி அமர்த்தி வியே கிராண்ட் போர்ட் சென்றால், 1598-இல் டச்சுக்காரர் வந்திறங்கிய கரையையும், 1638-இல் அவர்கள் எழுப்பிய கோட்டை இருந்த இடத்திலுள்ள அருங்காட்சியகத்தையும் காணலாம். சிங்கம் படுத்திருப்பது போன்ற மலை வழி நெடுகத் துணைக்கு வரும்.

காவடியன்று ஊர்வலம் முழுவதும் அவர் நடக்கத் தேவையில்லை. கோயிலை ஒட்டிய தெருவில், நிழல் உள்ள ஒரு வீட்டு வாசலில் காலையிலேயே அமரச் செய்யுங்கள். யாரையும் கேட்காமல் வேல் தரிப்பவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்ட வேண்டாம். என் மாணவியின் தந்தை எனக்குச் சொன்ன ஒரே நிபந்தனை அதுதான். காவடி நெருங்கும்போது அம்மாவின் கையில் ஒரு குடம் மஞ்சள் நீரைக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும், ஊற்றுவதற்கு அவருக்குச் சற்று இடம் விடுவார்கள்.