எத்தனை பார்கோடு தேவைப்பட்டது? எங்கள் பொடிக் கடை அனுபவம்

தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுவந்த பொடியை சூப்பர் மார்க்கெட்டில் வைக்கலாம் என்று போனோம். கொள்முதல் பார்ப்பவர் பாக்கெட்டுகளை மேசையில் பரப்பி, 100 கிராம் இட்லிப் பொடியை ஒரு பக்கமும் 250 கிராமை இன்னொரு பக்கமும் தள்ளி வைத்தார். "எடை வேற, அப்போ பார்கோடு நம்பரும் வேறம்மா" என்றார். முழு விஷயமும் அதில் இருக்கிறது.

இட்லி, பருப்பு, கறிவேப்பிலை மூன்றும் இரண்டு எடையில்: 6. இட்லிப் பொடி மட்டும் அரைக் கிலோவிலும் போகும்: 7. காரம் குறைத்த இட்லிப் பொடி இரண்டு எடையில்: 9. மூன்று பொடியும் சேர்ந்த கிஃப்ட் பாக்ஸ்: 10. உள்ளே இருக்கும் பாக்கெட்டுக்கு நம்பர் இருந்தாலும் அந்தப் பெட்டி தனிப் பொருள்தான்.

விலை ஏறினாலும் பேட்ச் மாறினாலும் பழைய நம்பரே போதும். ஆனால் தீபாவளிக்கு 20 கிராம் கூடுதல் என்று 120 கிராம் பாக்கெட் போட்டால் புது நம்பர் வேண்டும். நிறுத்திவிட்ட பொருளின் நம்பரை வேறொன்றுக்குத் தரவும் கூடாது. அதனால் அடுத்து கொண்டுவரப் போகும் பொடிகளையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

பல பாக்கெட்டுகளை மொத்தமாக அடுக்கி அனுப்பும் அட்டைப்பெட்டிக்கு 14 இலக்க எண். பாக்கெட் நம்பருக்கு முன்னால் 1 சேர்த்து, கடைசியில் வரும் சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட்டால் சரி. வாங்கிய நம்பர்களின் எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது.

*

மேலே பொடிக் கடை அக்கா சொன்னதோடு எங்கள் செக்கு எண்ணெய் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஒரு லிட்டர் பாட்டிலுக்கும் ஒரு லிட்டர் பவுச்சுக்கும் எண்ணெய் ஒன்றுதான், ஆனால் நம்பர் தனித்தனி.

பார்கோடு நம்பர் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியா எங்களுக்குத் தந்த எண் 890இல் தொடங்குகிறது. 13 இலக்கத்தில் கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. மீதி 12இல் நிறுவனத்துக்கான பகுதி 10 இலக்கம் என்றால் பொருளுக்கு இரண்டு மிஞ்சும், அதாவது 100 நம்பர். 9 இலக்கம் என்றால் 1000. சின்ன வியாபாரத்துக்கு நூறே தாராளம்.

இணையத்தில் யாரோ மலிவாக விற்ற ஒற்றை நம்பரை என் நண்பர் வாங்கினார். சரிபார்த்தபோது வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது, ஆன்லைன் கடையில் பொருளை ஏற்றவே முடியவில்லை. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

உங்கள் கடைக்குள் மட்டும் ஸ்கேன் செய்யப் போகிறீர்கள் என்றால் எதையும் வாங்க வேண்டாம். 2இல் தொடங்கும் எண்கள் கடைக்குள் பயன்படுத்தவென்றே ஒதுக்கப்பட்டவை. காய்கறித் தராசு ஒட்டித் தரும் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் இருக்கும்.