புதுப்பிப்பு: பழைய பெட்டி டிவியா, எல்இடியா? முடிவெடுத்தாச்சு

அப்பாவின் 21 இஞ்ச் பெட்டி டிவியில் படம் நடுவில் ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிட்டது, சரிபண்ணுவதா, 32 இஞ்ச் எல்இடி வாங்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, எல்இடியே வாங்கிவிட்டேன்.

முதல் நாளே அப்பா, "இதுக்கா இவ்வளவு காசு, மூஞ்செல்லாம் சப்பையா இருக்கு" என்றார். தப்பில்லை. கேபிள்காரர் செட்டாப் பாக்ஸை தெளிவு குறைந்த அந்தப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார், போதாக்குறைக்கு அகலம் குறைந்த 4:3 படத்தை அகலமான 16:9 திரைக்கு இழுத்ததில் செய்தி வாசிப்பவருக்குக் கன்னம் உப்பிப்போயிருந்தது. எச்டிஎம்ஐ ஒயர் போட்டு, படத்தின் அளவையும் மாற்றியதும் அப்பா வாயைத் திறக்கவில்லை. சத்தம் மட்டும் இன்னும் தகர டப்பாதான், ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துப் பேசுகிறது.

பழையதையும் கொடுக்கவில்லை. படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்ட்டிக்கல் ஐசி என்ற சில்லு ஒன்றை மாற்றினார் மெக்கானிக், 350 ரூபாய், படம் முழுசாக வந்துவிட்டது. துப்பாக்கியால் வாத்து சுடும் அந்தக்கால கேசட் கேமுக்காகத்தான் வைத்துக்கொண்டேன், அது எல்இடியில் எடுபடாது: திரையில் வெளிச்சம் வரும் நொடியைத்தான் துப்பாக்கி கவனிக்கிறது, எல்இடி கொஞ்சம் தாமதமாகக் காட்டும். பெட்டியை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, முன்பக்கக் கண்ணாடியே அத்தனை கனம்.