பெரிய வீடு குரூப்: யாழினியின் பரீட்சை சுகர்

கமலா சித்தி: இன்று யாழினிக்கு டெஸ்ட். காலையில் 6 மணிக்குச் சுகர் 138. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. 8 மணிக்குக் கிளம்பும்போது பார்த்தால் 271. போன கெமிஸ்ட்ரி டெஸ்ட் அன்றும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழுங்காக இருக்கிறது. என்ன செய்வதென்றே தெரியவில்லை

முரளி அண்ணன்: ஃப்ரிட்ஜில் இருந்த அல்வாவை எண்ணிப் பார்த்தீர்களா சித்தி 😄

சேலம் அத்தை: வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் கொடு கமலா. பக்கத்து வீட்டு சாருக்கு அதிலேயே இறங்கியது

நான்: அத்தை, அவருக்கு டைப் 2. யாழினிக்கு டைப் 1, உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோன மாதிரிதான். வெந்தயத் தண்ணீர் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி ஒரு யூனிட்கூடக் குறைக்கக் கூடாது

நான்: அப்புறம் முரளி அண்ணா, இந்தத் "திருடித் தின்றாயா" பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். எனக்கும் அதே டைப் 1 தானே. சாப்பிடாமலே ஏறும். பயம் வந்தால் அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன் எல்லாம் சுரக்கும், அவை கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடும், போதாததற்கு இன்சுலின் வேலை செய்வதையும் மந்தமாக்கும். இது உங்களுக்கும் நடக்கிறது, ஆனால் உங்கள் கணையம் உடனே கூடுதல் இன்சுலினை விட்டுச் சமாளித்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எங்களுக்கு ராத்திரி போட்ட ஊசி போட்ட அளவுதான், அன்றைக்குப் பரீட்சை என்று அதற்குத் தெரியுமா?

கமலா சித்தி: விடியற்காலையில் தானாகவே ஏறும் என்று டாக்டர் சொன்னாரே, இது அது இல்லையா?

நான்: அதுவும் உண்டு சித்தி, 4 மணியிலிருந்து 8 மணிக்குள் வரும். ஆனால் அது ஞாயிறு என்று லீவு எடுக்காது. பரீட்சை நாளில் மட்டும் ஏறுகிறது என்றால் எனக்குப் பதற்றத்தின் மேல்தான் சந்தேகம். சுகர் எழுதும் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே "டெஸ்ட்", "சண்டை", "தூக்கமில்லை" என்று எழுதி வையுங்கள், டாக்டருக்குப் பார்த்ததும் புரிந்துவிடும்

பெரியப்பா: இது பழைய விஷயம் அம்மா. ஹார்வர்டில் வால்டர் கேனன் என்பவர் 1911இலேயே பூனைகளைப் பயமுறுத்தி, அவற்றின் சிறுநீரில் சர்க்கரை வருவதைக் காட்டிவிட்டார். 1913இல் அங்குள்ள அமெரிக்கக் கால்பந்து அணியில் 25 பேரை ஒரு பரபரப்பான ஆட்டம் முடிந்த கையோடு பரிசோதித்தார்கள், 12 பேருக்குச் சிறுநீரில் சர்க்கரை. வேடிக்கை என்னவென்றால் அந்த 12 பேரில் 5 பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை, மாற்று ஆட்டக்காரர்கள், வெளியே உட்கார்ந்து பார்த்தவர்கள்! கஷ்டமான தேர்வு எழுதிய 9 மருத்துவ மாணவர்களில் 4 பேருக்கும் இப்படியே

முரளி அண்ணன்: உட்கார்ந்து பார்த்தவனுக்குமா?? சரி, கேஸ் வாபஸ்

கமலா சித்தி: இன்று 271க்கு டாக்டர் கணக்குப்படி 3 யூனிட்தான். எனக்கோ 5 போட்டு அனுப்பலாமா என்று கை பரபரத்தது

நான்: ஐயோ வேண்டவே வேண்டாம். பதற்றச் சுகரில் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். கேள்வித்தாளைப் பார்த்து மனசு அடங்கினால் ஹார்மோன் தணிந்துவிடும், ஆனால் போட்ட ஊசி மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். பரீட்சை நடுவில் சுகர் மிகவும் இறங்கி லோ ஆகிவிடும். முதல் ஊசி அடங்குவதற்குள் மேலே மேலே போடவும் கூடாது. பரீட்சை நாளுக்குத் தனி அளவு வேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லோருக்கும் ஏறும் என்றும் இல்லை. ஆபீஸ் டென்ஷனில் எனக்கு ஏறும், வீடு மாற்றியபோது அலைச்சலில் சாப்பாட்டு நேரம் தவறி இறங்கிக்கொண்டே போனது

யாழினி: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன் 🙄 அல்வாவைத் தின்றது அப்பா

சேலம் அத்தை: அடி என் தங்கமே, உன்னை யார் என்ன சொன்னார்கள்

யாழினி: அக்கா, மாடல் எக்ஸாமில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. பயம் என்று நினைத்து மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். வெளியே வந்து பார்த்தால் 58

நான்: அடிப்பாவி! பயத்துக்கும் லோவுக்கும் நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் ஒன்றுதான், இரண்டிலும் அட்ரினலின் வருகிறதே. ஊகிக்காதே, குத்திப் பார். பார்க்க வழியில்லையா, லோ என்றே வைத்துக்கொண்டு குளுக்கோஸ் எடு. கொஞ்ச நேரம் 200 இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, 58இல் கணக்கு எப்படிப் போடுவாய்? 70க்குக் கீழே என்றால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்

கமலா சித்தி: போர்டு எக்ஸாம் ஹாலில் இதையெல்லாம் விடுவார்களா?

நான்: விடுவார்கள். டைப் 1 பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, சாக்லேட், பழம், தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017லேயே சொல்லிவிட்டது. டாக்டர் சான்றிதழைப் பள்ளி வழியாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அதிலேயே மீட்டர், ஸ்ட்ரிப் பற்றியும் எழுதிக் கேளுங்கள். அன்று காலையில் போய் வாசலில் நின்று வாதாடினால் அதற்கே 50 ஏறும்

யாழினி: இன்னொன்றும் சொல்லவா. அம்மா மீட்டரை எட்டிப் பார்த்தாலே எனக்கு ஏறுகிறது

கமலா சித்தி: நான் என்ன கத்தினேனா?

யாழினி: முகமே போதும் அம்மா

பெரியப்பா: 😂

கமலா சித்தி: சரி. டெஸ்ட் நாளில் நீயே பார், நீயே எழுது, நான் அடுப்படியில் இருக்கிறேன். 250க்கு மேல் நின்று இறங்காமல் இருந்தாலோ வாந்தி வந்தாலோ மட்டும் மறைக்காதே

நான்: அப்படி ஆனால் அது வெறும் டென்ஷன் என்று விடக் கூடாது, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்த்துவிட்டு டாக்டருக்கு ஃபோன். சிறுநீரில் பார்க்கிற ஸ்ட்ரிப் மெடிக்கலில் கிடைக்கும், ஒரு டப்பா வாங்கி வையுங்கள் சித்தி

முரளி அண்ணன்: நான் சாயங்காலம் வாங்கி வருகிறேன்

யாழினி: தேங்க்ஸ் அண்ணா. ஃபோனை அணைக்கிறேன், எலக்ட்ரோஸ்டாட்டிக்ஸ் பாக்கி இருக்கிறது