பட்டுப்புழு குடலில் இருக்கும் கிருமி ஏன் ரத்தத்துக்குப் போவதில்லை?

பாலக்கோடு_மல்பெரி:
வணக்கம். போன பேட்ச்சில் கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் ஒரு தட்டுப் புழு இலை தின்னாமல் மந்தமாகி, வாந்தி எடுத்து, கறுத்துக் கூழாகிவிட்டது. பிளாச்சரி நோய் என்றார்கள். நான் கேட்பது மருந்து பற்றி இல்லை. பக்கத்துத் தட்டில் நல்லா இருந்த புழுவும் அதே தோட்டத்து இலையைத்தான் தின்றது. குடல் சுவர் ஒரே அடுக்கு செல்தான் என்கிறார்கள், அப்படியென்றால் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகக் கிருமி உள்ளே போய்விடாதா?

ஓசூர்_பூச்சியியல்:
நல்ல கேள்வி அண்ணா. அந்தச் சந்தை அடைத்து வைப்பதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது, செப்டேட் ஜங்ஷன் என்பார்கள். பக்கத்துப் பக்கத்து செல்கள் இரண்டையும் சுற்றிலும் பிணைத்து, நடுவில் எதுவும் கசியாமல் பார்த்துக்கொள்ளும். நமக்கு அந்த வேலையை டைட் ஜங்ஷன் செய்கிறது, பூச்சிகளுக்கு இது. நடுக்குடலில் இருப்பது இதிலேயே தனி வகை. பழ ஈயில் அதற்கு வேண்டிய மூன்று புரதங்களைக் கண்டுபிடித்தார்கள்: ஸ்நேக்ஸ்கின், மெஷ் இரண்டும் 2012-இல், டிஎஸ்பி2ஏ 2016-இல். ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் தங்கள் இடத்தில் சரியாக உட்காராது, எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான். இவற்றைக் குறைத்தால் ஈக்குக் குடல் கசிகிறது. நீலச் சாயம் கலந்த தீனி கொடுத்தால் குடலோடு நிற்காமல் உடம்பு முழுக்க நீலமாகிவிடும், வயதான ஈக்களிலும் இப்படி நடக்கும்.

அப்புறம், புழுவுக்கு நம்மைப் போல ரத்தக்குழாய் வலை கிடையாது, குடலே ரத்தத்தில் மிதக்கிறது. அதனால் அந்தச் சுவரைத் தாண்டிய கிருமிக்கு உடம்பு முழுவதும் திறந்த வீடு. செல்லுக்கு முன்னால் கைட்டினும் புரதமும் சேர்ந்த மெல்லிய சவ்வு ஒன்று தீனியைச் சுற்றி நிற்கும், முதல் தடுப்பு அதுதான். குடல் சாறும் பத்தை ஒட்டிய பி.எச். உள்ள கடும் காரம், பல கிருமிகள் அதிலேயே திணறும்.

தேன்கனிக்கோட்டை_பட்டு:
இதோடு பி.டி. பற்றியும் சொல்லியாக வேண்டும், பயிரைத் தின்னும் புழுவைக் கொல்ல வயலில் அடிக்கும் பாக்டீரியா மருந்து அது. 1901-இல் ஜப்பானில் இஷிவாதா என்பவர் செத்த பட்டுப்புழுவிலிருந்துதான் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தார். அதன் நஞ்சு சந்தைத் திறப்பதில்லை, செல்லின் மேல்சவ்வில் நேராகவே துளை போடும், செல் வீங்கி வெடித்துவிடும். பிணைப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பிணைக்க செல்லே இல்லாமல் போய்விடுகிறது. உங்கள் பக்கத்து வயலில் முட்டைக்கோஸுக்கு பி.டி. அடித்தார்களா?

பாலக்கோடு_மல்பெரி:
ஆமாம், கிழக்கு வரப்பை ஒட்டி கோஸ்தான். அந்த வரிசை இலையைத்தான் அந்தத் தட்டுக்குப் போட்டேன், அப்போது தோன்றவே இல்லை.

ஓசூர்_பூச்சியியல்:
இலையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது அண்ணா, ஈர இலை, புழுங்கிய வளர்ப்பு மனை இவற்றாலும் பிளாச்சரி வரும். அடுத்த பேட்ச்சுக்கு அந்த வரிசையை விட்டுவிட்டு, மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே பக்கத்து வயல்காரரிடம் கேட்டு வையுங்கள்.