நெல்லைக் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தனி வாரியம் வேண்டுமா?

பேட்டைவாசி: வேண்டும். தாமிரபரணியை நம்பியிருக்கும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அரசு வாரியம், தனிக் கணக்கு. கட்டணத்திலிருந்தே கரண்ட் பில், சம்பளம், பராமரிப்பு எல்லாம் நடக்க வேண்டும். இப்போது மானியத்தில் தொட்டி கட்டுகிறோம், மோட்டார் பழுதானால் காசில்லை என்கிறோம். சென்னைக்கு 1978லேயே தனிச் சட்டம் போட்டு வாரியம் வந்துவிட்டது.

ஆற்றங்கரையான்: அண்ணாச்சி, பீடி சுற்றிப் பிழைக்கிற வீட்டில் லிட்டர் கணக்கில் காசு கேட்டால் எங்கே போவார்கள்? பொலிவியாவின் கோச்சபம்பாவில் கட்டணத்தை ஏற்றியதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2000இல் ஒப்பந்தமே ரத்தானது.

பேட்டைவாசி: அது தனியாரிடம் கொடுத்ததால் வந்த வினை. கம்போடியாவின் புனோம் பென்னில் வாரியம் அரசுடையதுதான். 1993இல் அங்கே 70 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் கணக்கில் வராமல் போனது. ஏக் சொன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்று, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். பணம் கட்டாத பெரிய மனிதர்களையும் விடவில்லை. இழப்பு 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் உண்டு.

மேலப்பாளையத்தம்மா: மீட்டருக்கு முன்னால் எங்கள் தெருமுனை வால்வுக் குழியைப் பாருங்கள். தண்ணீர் விடும் நாளில் குழி நிரம்பி ரோட்டில் ஓடும். நிறுத்தியதும் அந்த அழுக்குத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை திறந்தால் முதல் நாலு குடம் கலங்கலும் வாடையும்தான். கடைசி வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சாமல் குடம் நிரம்பாது. இந்த லட்சணத்தில் மீட்டர் வைத்தால் குழாயில் வரும் காற்றுக்கும் ஓடும், அதற்கும் நாங்கள்தான் கட்ட வேண்டும்.

ஆற்றங்கரையான்: அக்கா கேட்பது நியாயம். சாக்கடை விஷயம் இதைவிட மோசம். ஆற்றில் கழிவு கலப்பது மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்காகப் போனது. குடிநீரில் காசு வரும், வாரியம் கவனிக்கும். கழிவுநீரைச் சுத்தம் செய்வது வெறும் செலவு, அதை யார் கவனிப்பார்கள்?

பேட்டைவாசி: அதனால்தான் இரண்டும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்கிறேன். நாம் விடும் கழிவு ஸ்ரீவைகுண்டம் பக்கம் குடிநீராகப் போகிறது. இரண்டு ஊருக்கும் ஒரே வாரியம் என்றால், இங்கே சுத்தம் செய்யாமல் மிச்சம் பிடித்ததை அங்கே அதே வாரியம்தான் செலவழிக்க வேண்டும். மக்கள் கட்ட மாட்டார்கள் என்பதும் சரியில்லை. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினார்கள்.

ஆற்றங்கரையான்: ஆலந்தூரில் முடிந்தது பீடித் தொழிலாளி வீட்டில் முடியாது. சரி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றுக்குள் இருந்த உறைகிணறுகள் சேதமாகி, பல ஊர்களில் நாள்கணக்கில் தண்ணீர் இல்லை. அந்தச் செலவையும் கட்டணத்தில் ஏற்றுவீர்களா? வெள்ளச் சேதத்தை அரசு ஏற்கும் என்று சட்டத்திலேயே எழுதாமல் நான் ஒப்ப மாட்டேன்.

பேட்டைவாசி: எழுதட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

மேலப்பாளையத்தம்மா: அப்படியே இதையும் எழுதச் சொல்லுங்கள்: முதல் மீட்டர் மேல்நிலைத் தொட்டியில், அடுத்தது வார்டுக்குப் பிரியும் இடத்தில். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகு எங்கள் வாசலுக்கு வரட்டும்.