அப்டேட்: மோன் பிளான் (Mont Blanc) மலைய சுத்தி நடக்குற திட்டம்

ஜூன் நடுவுல 7 நாள்ல ஆல்ப்ஸ்ல இருக்குற மோன் பிளான் மலைய சுத்தி நடந்து முடிச்சிடலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, திட்டத்தையே மாத்திட்டேன். சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏத்தம் மட்டும் 10,000 மீட்டர் கிட்ட வருது, அவ்ளோ தூரம் போயிட்டு மலைய நின்னு பாக்காம ஓடி வர மனசில்ல, அதனால 11 நாள். ஜூன்ல கணவாய்ல பனி கிடக்கும்னு நீங்க சொன்னது ரொம்ப சரி, வழியில வர்ற கிராண்ட் கோல் ஃபெரே கணவாயே 2,537 மீட்டர் உயரம், அதான் செப்டம்பருக்கு தள்ளிட்டேன். பாதை போற பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ் மூணு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், நிம்மதி. தங்குற குடில்கள்ல பெட் ஒவ்வொண்ணா புக் பண்றதுதான் பெரிய வேலை, ஒரு ராத்திரிக்கு இடம் கிடைக்கலன்னா அடுத்த நாள் நடையே மாறிடுது, இன்னும் ரெண்டு ராத்திரி பாக்கி. தினமும் 8 கிலோ பைய மாட்டிட்டு மாடிப்படி ஏறி இறங்குறேன், இடது குதிகால்ல கொப்புளம் வந்துச்சு, ஷூவ அரை சைஸ் பெருசா மாத்தினதும் சரியாயிடுச்சு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.