டிரைவ்-த்ரூ: வசதியா, மடியா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பிளேனோ மருமகள்

மாமியார் திருநெல்வேலியில இருந்து இங்க அமெரிக்காவுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. சனிக்கிழமை காலையில காய்கறி வாங்கப் போற வழியில, காப்பி வாங்கலாம்னு டிரைவ்-த்ரூ வரிசையில, அதான் காரை விட்டு இறங்காமலே ஜன்னல்ல வாங்கிக்கிற வரிசையில, வண்டியை விட்டேன். முன்னாடி பதினோரு கார். அத்தை எட்டிப் பார்த்துட்டு, "என்னம்மா, ஆக்சிடென்ட் எதும் ஆயிட்டா?"ன்னாங்க. இல்ல அத்தே, எல்லாரும் காப்பிக்கு நிக்காங்கன்னேன். கடைக் கதவு எங்க வண்டியில இருந்து இருபது அடி தள்ளி. உள்ள ஒரு ஈ காக்கா இல்லன்னு கண்ணாடி வழியாவே தெரியுது.

"நடக்க மடி புடிச்சா இப்படிக் கெடக்குதுவோ?"ன்னு சொல்லிக்கிட்டே பெல்ட்டைக் கழட்டி இறங்கிட்டாங்க. என் கார்டை வாங்கிக்கிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிட்டு, நேரா உள்ள. நான் மெனு பலகைகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள கையில ரெண்டு காப்பியோட திரும்பி வந்துட்டாங்க. பால், சர்க்கரை எல்லாம் சரியா இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் கூத்து. வரிசையில இருந்து வெளிய வர வழியில்ல. ஒரு பக்கம் சிமென்ட் கட்டை, இன்னொரு பக்கம் செடி. பின்னாடி ஏழு கார். காப்பியைக் குடிச்சுக்கிட்டே காப்பிக்கு வரிசையில நின்னோம். ஜன்னலுக்கு வந்ததும் அந்தப் பையன் கப்பைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். ஒண்ணும் வேண்டாம்னு கையை ஆட்டிட்டு வந்தேன். அத்தை வீடு வர்ற வரைக்கும் சிரிச்சாங்க.

நெல்லைப் பக்கம் மடின்னா சோம்பல். இப்ப சொல்லுங்க, இது வசதியா மடியா?

ரெட்டைப்பிள்ளை அம்மா

உங்க அத்தைக்கு என் வணக்கம். ஆனா ஜனவரி மாசம் நியூ ஜெர்சிக்கு ஒரு தடவை அவங்களைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு ரெண்டு வயசுல ரெட்டைப் பசங்க. கார் சீட்ல தடிமனான குளிர் கோட்டோட பெல்ட் போடக் கூடாது, பெல்ட் தளர்ந்துடும். அதனால கோட்டைக் கழட்டிட்டுத்தான் உட்கார வைக்கணும். கடையில இறங்கணும்னா ஒருத்தனுக்குப் பெல்ட்டைக் கழட்டி, கோட்டைப் போட்டு, ஷூவைத் தேடி இடுப்புல வெச்சுக்கிட்டு, அடுத்தவனுக்கும் அதே. திரும்பி வந்ததும் எல்லாத்தையும் தலைகீழா ஒரு தடவை. பிள்ளைகளை வண்டியில விட்டுட்டு அஞ்சு நிமிஷம் போயிட்டு வந்தா யாராவது போலீஸைக் கூப்பிட்டுடுவாங்க.

போன குளிர்காலத்துல ராத்திரி ஒன்பதரை மணிக்கு ரெண்டு பேருக்கும் காது வலி, காய்ச்சல். மருந்துக்கடை ஜன்னல்ல பிறந்த தேதியைச் சொன்னேன், ரெண்டு பாட்டில் ஆன்டிபயாட்டிக் வந்தது. பின்னாடி ரெண்டும் அழுது அழுது அப்பத்தான் தூங்கியிருந்துச்சு. அந்த ஜன்னலுக்கு மாலை போட்டுக் கும்பிட்டிருப்பேன்.

முன்னாள் ஹெட்செட்

அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் பதினாலு மாசம் நின்னவன் நான். கடை பேரு வேண்டாம்.

வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். வண்டி நிக்கிற தரைக்கு அடியில கம்பிச்சுருள் பதிச்சிருக்கும். கார் வந்து நின்னதும் உள்ள கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். நாங்க பார்க்கிற திரையில ஒவ்வொரு காருக்கும் வினாடி எண்ணிக்கை, முதல்ல பச்சை, அப்புறம் மஞ்சள், நேரம் தாண்டினா சிவப்பு. மேனேஜருக்கு அந்தச் சிவப்புதான் உயிர். "கொஞ்சம் முன்னாடி போய் 2-ம் நம்பர் இடத்துல நில்லுங்க, கொண்டுவந்து தர்றோம்"னு சொல்றோமே, உங்க பர்கர் வேகலைங்கிறது பாதிக் காரணம். உங்க கார் அந்தக் கம்பியை விட்டு நகர்ந்தா எங்க கடிகாரம் நின்னுடும், அது மீதிக் காரணம்.

உள்ள வந்து கவுன்டர்ல நிக்கிறவங்களுக்கு எங்க கடையில கடிகாரமே கிடையாது. அதனால கூட்டமான நேரத்துல அவங்களைக் கடைசியாத்தான் கவனிப்போம். அத்தைக்குச் சீக்கிரம் கிடைச்சது அவங்க அதிர்ஷ்டம். மத்தபடி, குளிர்ல அந்த ஜன்னல் நிமிஷத்துக்கு ரெண்டு தடவை திறந்து மூடும். வலது கை மட்டும் விறைச்சுப் போய்க் கிடக்கும், இடது கை எண்ணெய் அடுப்புச் சூட்டுல வேர்க்கும்.

பீன்ஸ் மட்டும்

ஹூஸ்டன். நாங்க சைவம். ஒரு டாக்கோ கடையில மைக்ல சொன்னேன்: "பீஃப் வேண்டாம், பீன்ஸ் போடுங்க." அந்தப் பக்கம் கரகரன்னு சத்தம். "பீஃப், பீன்ஸ், சரி"ன்னு வந்துச்சு. திரும்பச் சொன்னேன். இன்னும் உற்சாகமா அதையே சொன்னாங்க. பின்னாடி ஒருத்தர் ஹாரன் அடிக்க, ஜன்னல்ல பையை வாங்கி ஓரமா வெச்சுட்டுக் கிளம்பிட்டேன். ஃப்ரீவேயில எட்டு மைல் போயி வீட்டுல அப்பா பிரிச்சார். முதல் வாயிலேயே தெரிஞ்சு போச்சு. அவர் கோபப்படலை. எழுந்து போய்க் குளிச்சார். அது இன்னும் மோசம்.

அன்னையில இருந்து இறங்கிப் போயி கண் முன்னாடி செய்யச் சொல்லித்தான் வாங்குறேன்.

டூசான் வாசகர்

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் "மடி" என்று ஒரே போடாகச் சொல்ல முடியவில்லை. அரிசோனாவில் எங்கள் ஊரிலிருந்து ஒண்ணேகால் மணி நேரத்தில் சியரா விஸ்டா நகரம். பக்கத்திலேயே ஹுவாசூக்கா ராணுவ முகாம். முகாமுக்கு வெளியே வேலை உடுப்போடு காரை விட்டு இறங்கச் சிப்பாய்களுக்கு அப்போது அனுமதி இல்லை. கடையருகே வந்தும் உள்ளே நுழைய முடியாது. அவர்களுக்காகச் சுவரில் ஓட்டை போட்டு ஜன்னல் வைத்தார்கள். 1975 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸின் முதல் டிரைவ்-த்ரூ அப்படித்தான் வந்தது.

அதற்கு 27 ஆண்டு முன்பே, 1948-இல், கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் இன்-என்-அவுட் பர்கர் கடை ஒலிபெருக்கி வைத்து ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 2010-இல் அதே பால்ட்வின் பார்க் நகராட்சி புது டிரைவ்-த்ரூ கடைகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது.

கதீட்ரல் ரோடு

சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962 முதல் 2008 வரை இருந்தது. இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. அங்கே காரை மர நிழலில் நிறுத்தினால் சர்வர் வந்து கார் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். தோசை, பிறகு காப்பி, பிறகு இன்னொரு காப்பி. எங்கள் பெரியப்பா அம்பாசடரில் எங்களைக் கூட்டிப் போவார். காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்று யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை, தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டோம். ஆனால் அங்கே யாரும் எங்களை முன்னால் நகரச் சொல்லவும் இல்லை.

மினியாபொலிஸ் நடையன்

சோம்பல்னு திட்டுறது எனக்குப் பெரிசாப் படலை. என் வயித்தெரிச்சல் வேற. கார் மெக்கானிக் ஷெட்ல இருந்த வாரம். ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிச்சு வர்ற வழியில பசி. கடை உள்கதவு பூட்டியாச்சு, ஜன்னல் மட்டும் திறந்திருக்கு. ரெண்டு காருக்கு நடுவுல போய் நின்னேன். மெனு பலகையில ஒரு சத்தமும் வரலை. நான்தான் கார் இல்லையே, தரைக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கே போனேன். "மன்னிக்கணும், வண்டியில வந்தாத்தான் தர முடியும், பாதுகாப்பு விதி"ன்னு அந்தப் பொண்ணு சொன்னா. அவ மேல தப்பில்ல. கதவு இல்லாத ஊருக்குள்ள கால் நடையா வந்தவன் மாதிரி நின்னேன். பின்னாடி ஒரு பெரிய ட்ரக் டர்ருன்னு உறுமிக்கிட்டு இருக்கு. பத்து செகண்டுக்கு மேல நிக்கணும்னா இன்ஜினை அணைச்சுப் போடுறதுதான் பெட்ரோலுக்கு லாபம்னு அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லுது. வரிசையில யார் அணைக்கிறாங்க?

எங்க நகராட்சி 2019-ல புது டிரைவ்-த்ரூ கட்டவே தடை போட்டுச்சு. பழசெல்லாம் அப்படியே இருக்கு, நான் நின்ன அந்த ஜன்னலும் சேர்த்து.

பிளேனோ மருமகள்

எல்லாத்தையும் அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். ரெட்டைப்பிள்ளை அம்மா எழுதினதுக்கு "அது நியாயம், அந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா ஒத்தாசைக்கு"ன்னாங்க. சிப்பாய் கதை அவங்க மனசுல ஒட்டலை. மினியாபொலிஸ் தம்பி, உங்க கதையில மட்டும் நிறுத்தச் சொன்னாங்க. "நடந்து வந்தவனுக்கு இல்லேன்னு சொல்லிட்டானா? பெறவு அந்தப் பையன் என்ன தின்னான், கேளு"ன்னு ஒத்தக்கால்ல நிக்காங்க. பதில் போடுங்க, இல்லன்னா என்னை விட மாட்டாங்க.

மினியாபொலிஸ் நடையன்

ஃப்ரிட்ஜ்ல புளிச்ச மாவு இருந்துச்சுன்னு சொல்லுங்க. மூணு ஊத்தப்பம் ஊத்தினேன். தொட்டுக்கப் பொடிதான்.